பாடலாம், ஜெபிக்கலாம், பிரசங்கம் மட்டும் கூடாதா?

1902ஆம் ஆண்டில் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் வத்திக்கானுக்குப் போய்ச் சில பாடல்களைப் பதிவு செய்தார்கள். 1904இல் மறுபடியும் போனார்கள். பாடியவர்களில் ஒருவர் அலெஸ்ஸாண்ட்ரோ மோரெஸ்கி. சிஸ்டைன் சிற்றாலயப் பாடகர் குழுவைச் சேர்ந்தவர், அப்போது நாற்பது வயதைத் தாண்டியிருந்தார். ஆனால் அந்த இசைத்தட்டில் கேட்பது நாற்பது வயது ஆணின் குரல் அல்ல. சிறுவனாக இருந்தபோதே விதை நீக்கப்பட்டு, குரல் உடையாமல் நிறுத்தி வைக்கப்பட்டவர் அவர். அப்படிப்பட்ட பாடகர்களில் தனிக் குரலாக இசைத்தட்டில் பதிவானவர் அவர் ஒருவர்தான். 1922இல் இறந்தார்.

ஐரோப்பாவில் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் நடந்த கொடுமை இது. இசை நாடக மேடைகளுக்கும் இதில் பங்கு உண்டு. என்றாலும் ஆலயங்களுக்கு இந்தக் குரல்கள் தேவைப்பட்ட காரணம் எளியது. பாட்டுக்கு உச்சக் குரல் வேண்டும். பெண்களைப் பாடகர் குழுவில் சேர்க்க முடியாது. ஏன் முடியாது? சபையில் பெண்கள் பேசாமலிருக்கட்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார் அல்லவா! பெண் வாயைத் திறக்கக் கூடாது என்பதற்காகப் பையனின் உடம்பில் கத்தி வைத்தார்கள். அந்த வழக்கம் மறைந்துகொண்டிருந்த காலத்தில்கூட, 1903இல், திருத்தந்தை பத்தாம் பயஸ் ஆலய இசை பற்றிய ஆணையில், பாடகர் குழுவினர் வழிபாட்டுப் பணி செய்பவர்கள், ஆகவே பெண்களுக்கு அதில் இடமில்லை என்று எழுதினார். 1955இல் பன்னிரண்டாம் பயஸ் அதைத் தளர்த்தினார். இன்றைக்குப் பெண்கள் இல்லாத பாடகர் குழு ஒன்றைத் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்கு எதிலாவது காட்டுவது கஷ்டம்.

இடைப்பட்ட காலத்தில் கொரிந்தியர் நிருபத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

ஆராதனையில் பெண்கள் பேசலாமா என்ற கேள்வி தமிழ்ச் சபைகளில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. சில சபைகளில் அது கேள்வியாகக்கூட இல்லை, முடிந்துபோன விஷயம். முக்காடு போட்டு ஒரு பக்கமாக உட்கார்ந்து, பாட்டில் மட்டும் சேர்ந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வேறு சில சபைகளில் சட்டப்படி எல்லாக் கதவும் திறந்திருக்கிறது, ஆனால் பிரசங்க மேடையில் பெண்ணைப் பார்ப்பது அபூர்வம். இரண்டு பக்கமும் வசனத்தைக் காட்டித்தான் பேசுகிறார்கள். ஆனால் இரண்டாயிரம் ஆண்டுக் கதையைப் புரட்டிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அந்த வசனத்தை முழுதாகக் கடைப்பிடித்த சபை எதுவும் இல்லை. ஆள் இல்லாத இடத்தில், பணம் இல்லாத இடத்தில், பெண்ணின் குரல் தேவைப்பட்டிருக்கிறது. கட்டடமும் சம்பளமும் பதவியும் வந்த பிறகுதான் வசனம் நினைவுக்கு வந்திருக்கிறது.

முதலில் வசனத்தையே பார்க்கலாம். பெண்கள் பேசாமலிருக்க வேண்டும், சந்தேகம் இருந்தால் வீட்டில் கணவனிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று வருவது கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரம். அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில், பெண் ஜெபம் செய்யும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறார் பவுல். வாயையே திறக்கக் கூடாதவளுக்கு, வாயைத் திறக்கும்போது தலையில் என்ன இருக்க வேண்டும் என்று எதற்குச் சொல்ல வேண்டும்? மூன்று அதிகார இடைவெளியில் ஒருவர் தன் பேச்சையே மறந்திருப்பாரா? வேதாகம ஆய்வாளர்கள் இதற்குப் பல விளக்கங்கள் சொல்கிறார்கள். மேற்கத்திய மரபைச் சேர்ந்த சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் இந்த இரண்டு வசனங்கள் அதிகாரத்தின் கடைசிக்குத் தள்ளப்பட்டிருக்கின்றன. ஓரத்தில் யாரோ எழுதிய குறிப்பு பிறகு உள்ளே ஏறியிருக்கலாம் என்று அதைக் கொண்டு கோர்டன் ஃபீ போன்ற அறிஞர்கள் வாதிட்டார்கள். இந்த வசனங்களே இல்லாத பழைய பிரதி எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆகவே அந்த வாதத்தின் மீது அதிகப் பாரம் ஏற்ற முடியாது.

அது தேவையும் இல்லை. அந்த 14ஆம் அதிகாரத்தை அப்படியே வாசித்தாலே போதும். அதில் மூன்று பேரை அமைதியாக இருக்கச் சொல்கிறார் பவுல். அந்நியபாஷை பேசுகிறவரை, அர்த்தம் சொல்ல ஆள் இல்லாவிட்டால். தீர்க்கதரிசனம் சொல்லிக்கொண்டிருப்பவரை, பக்கத்தில் இருப்பவருக்கு வெளிப்பாடு வந்துவிட்டால். மூன்றாவதாகப் பெண்களை. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக் குழம்பிக் கிடந்த ஒரு துறைமுக நகரத்துச் சபைக்கு ஒழுங்கு சொல்லும் அதிகாரம் அது. முதல் இருவரை யாரும் ஆயுளுக்கும் வாய்பொத்தச் சொல்லவில்லை. மூன்றாமவருக்கு மட்டும் அது நிரந்தரத் தண்டனையாகிவிட்டது.

தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் இன்னும் கடுமையானது. பெண் உபதேசம் பண்ணவும், ஆண்மேல் அதிகாரம் செலுத்தவும் அனுமதி இல்லை என்கிறது. தடை சொல்பவர்களின் வலுவான ஆயுதம் இதுதான். ஆனால் அதே பத்தியில், அதற்குச் சற்று முன்னால், பெண்கள் தலைமயிரைப் பின்னக் கூடாது, பொன்னும் முத்தும் விலையுயர்ந்த துணியும் அணியக் கூடாது என்றும் இருக்கிறது. இங்கேதான் தமிழ்நாட்டு வேடிக்கை தொடங்குகிறது. நம் ஊர்ப் பெந்தெகொஸ்தே சபைப் பெண்கள் நகையைக் கழற்றி வைத்துவிடுவார்கள், ஆனால் ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்வார்கள், தீர்க்கதரிசனம் சொல்வார்கள், பாஸ்டர் ஊரில் இல்லாத நாளில் பாஸ்டரம்மா பிரசங்கமே செய்வார். பாஸ்டர் காலமான பிறகு அவர் மனைவி சபையை நடத்துவதும் உண்டு. பாட்டு எழுதி, மெட்டமைத்து, பாடி, பிரசங்கமும் செய்த சாராள் நவரோஜியை எந்தப் பெந்தெகொஸ்தே வீட்டில் தெரியாது? மறுபக்கம், பழைய சபைகளின் பெண்கள் பின்னல் போட்டு, மல்லிகைச் சரம் வைத்து, பட்டும் தங்கமுமாக ஆராதனைக்கு வருவார்கள், ஆனால் பல தலைமுறைகளாகப் பிரசங்க மேடை அவர்களுக்கு எட்டாத தூரம். ஒரே பத்தியை இரண்டாகக் கிழித்து, ஆளுக்கு ஒரு பாதியை எடுத்துக்கொண்டது போல. இரண்டையும் பிடிவாதமாகக் கடைப்பிடிக்கும் சில சபைகளும் இருக்கின்றன. கொள்கைப் பிடிப்புக்காக அவர்களை மதிக்கலாம்.

புதிய ஏற்பாட்டின் பெண்களும் அந்த வசனத்துக்குக் கட்டுப்பட்டதாகத் தெரியவில்லை. வேதத்தில் வல்லவர் என்று பெயர் வாங்கிய அப்பொல்லோவை அழைத்துப் போய், விஷயத்தை இன்னும் திருத்தமாக விளக்கியவர்கள் பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும். செசரியாவில் பிலிப்புவின் நான்கு மகள்கள் தீர்க்கதரிசனம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கெங்கிரேயா சபையின் பெபேயாளைப் பவுல் ரோமாபுரிச் சபைக்குப் பரிந்துரைத்து எழுதுகிறார். அந்த நீண்ட நிருபத்தைச் சுமந்து சென்றவரே அவர்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். உயிர்த்தெழுந்த செய்தியை முதலில் சீஷர்களிடம் கொண்டுபோனவர் மகதலேனா மரியாள். ஆண்கள் அதை நம்பவில்லை என்று லூக்கா குறித்து வைத்திருக்கிறார். அந்தப் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது போலும்!

இனி நம் ஊருக்கு வரலாம். பாளையங்கோட்டையில் ஒரு சிறிய பழைய தேவாலயம் இருக்கிறது. பாப்பாத்தியம்மாள் கோவில் என்பார்கள். கட்டியவர் கிளாரிந்தா. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவை, லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியோடு வாழ்ந்தவர், அவரிடமே கிறிஸ்தவத்தைக் கற்றுக்கொண்டவர். அந்த உறவைக் காரணம் காட்டி ஞானஸ்நானம் தர மறுத்த மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர், லிட்டில்டன் இறந்த பிறகு 1778இல் பாளையங்கோட்டையில் வைத்து அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780இல் எழுதப்பட்ட முதல் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர் இருக்கிறார்கள். கிளாரிந்தாவின் பெயர்தான் தலையில் நிற்கிறது. அந்த ஊரில் அப்போது குருவானவர் கிடையாது. கூட்டத்தைச் சேர்த்தவர், உபதேசியார் வேண்டும் என்று தஞ்சாவூருக்குப் போய்க் கேட்டவர், தன் பணத்தைப் போட்டு ஆலயம் எழுப்பியவர், எல்லாம் அவரே. 1785இல் அந்த ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அ. மாதவையா இவரைக் கதாநாயகியாக வைத்து ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார்.

திருநெல்வேலிச் சபையின் முதல் ஏட்டில் முதல் பெயர் ஒரு பெண்ணுடையது. அதே திருநெல்வேலியில், அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கு, அந்தப் பெண்ணின் வாரிசுகள் பிரசங்க மேடையில் ஏற முடியாது என்பது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகளுக்கு ஒரு சிக்கல் வந்தது. வெள்ளைக்கார ஐயர்கள் வீட்டு முற்றத்தைத் தாண்டி உள்ளே போக முடியாது. அங்கே இருந்தவர்கள் பெண்கள். ஆகவே பைபிள் உமன் என்ற வேலை பிறந்தது. கணவனை இழந்து கைக்குழந்தையோடு நின்றவர்கள், உபதேசியார்களின் மனைவிகள். கையில் பையும் வேதப்புத்தகமுமாகத் தெருத்தெருவாகப் போய் வாசித்தார்கள், பாடினார்கள், எழுத்துக் கற்றுக்கொடுத்தார்கள், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்கள். சம்பளம் சொற்பம். வாரம் முழுதும் வசனத்தை விளக்கிய அந்தப் பெண், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குள் வந்ததும் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். தெருவில் அவர் செய்ததும் ஆலயத்தில் ஐயர் செய்ததும் ஒரே வேலைதான். கூரைதான் வேறு. 1890களின் இறுதியில் மிஷனரி ஏமி கார்மைக்கேல், பொன்னம்மாள் முதலிய தமிழ்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் போனார். அந்தக் குழுவை ஊர்க்காரர்கள் நட்சத்திரக் கூட்டம் என்று அழைத்தார்களாம். டோனாவூரில் அவர் நடத்திய ஊழியத்தின் கதை அங்கிருந்துதான் வளர்ந்தது.

கிறிஸ்டியான்பேட்டை விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. பிரதரன் இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான அந்தோனி நாரிஸ் குரோவ்ஸின் சீடர் ஜான் அருளப்பன் அங்கே ஒரு சுதேசிச் சபையை நடத்திவந்தார். 1860இல் அங்கே பெரிய எழுப்புதல் உண்டானது. அழுகையும் பாவ அறிக்கையும் தீர்க்கதரிசனமுமாக ஊரே அதிர்ந்தது. அதில் பெண்கள் முன்னின்றார்கள். அருளப்பன் அவர்களைத் தடுக்கவில்லை. குரோவ்ஸின் வழிவந்த சபைகளில்தான் இன்று பெண்களின் மௌனம் மிகக் கண்டிப்பாகக் காக்கப்படுகிறது என்பது வரலாற்றின் குறும்பு.

இது தமிழர்களுக்கு மட்டும் வாய்த்த கதை அல்ல. 1712இல் இங்கிலாந்தின் எப்வொர்த் என்ற ஊரில் சாமுவேல் வெஸ்லி என்ற குருவானவர் வேலையாக லண்டனில் தங்கியிருந்தார். அவர் மனைவி சூசன்னா, ஞாயிறு மாலையில் தன் பிள்ளைகளுக்காக வீட்டில் ஜெபம் நடத்தி ஒரு பிரசங்கத்தை வாசித்தார். வேலைக்காரர்கள் வந்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள், கடைசியில் இருநூறு பேர் வரை வந்து, இடமில்லாமல் திரும்பிப் போனவர்களும் உண்டு. காலை ஆராதனைக்குப் பொறுப்பாக விட்டுச்செல்லப்பட்ட உதவிக் குருவுக்கு இது பொறுக்கவில்லை, லண்டனுக்குக் கடிதம் எழுதினார். கணவர் நிறுத்தச் சொன்னார். சூசன்னாவின் பதில் சாதுரியமானது. சும்மா விருப்பமாகச் சொல்லாமல் தெளிவான கட்டளையாக எழுதிக் கொடுங்கள், இந்த நல்ல காரியத்தை விட்டதற்கு நியாயத்தீர்ப்பு நாளில் நான் பதில் சொல்ல வேண்டியிருக்காது என்கிற கருத்தில் எழுதினார். கூட்டம் தொடர்ந்தது. அந்த வீட்டில் வளர்ந்த ஜான் வெஸ்லி பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியபோது, சாரா கிராஸ்பி, மேரி பொசான்கெட் போன்ற பெண்களைப் பேசவிட்டார். வெஸ்லி 1791இல் இறந்தார். இயக்கம் நிலைபெற்ற சபையானது. 1803இல் மெதடிஸ்ட் மாநாடு பெண்கள் பொதுவில் பிரசங்கிப்பதற்கு எதிராக முடிவெடுத்தது. அசாதாரணமான அழைப்பு இருந்தால் பெண்களுக்கு மட்டும் பேசிக்கொள்ளலாம் என்றது.

பாதை இதேதான் எங்கும். வீட்டில் கூடும்வரை அம்மா பேசுவார். கோவில் கட்டியதும் ஐயா வருவார்.

அமெரிக்காவின் தென்பகுதிப் பாப்திஸ்து மாநாடு இதில் உச்சம். அந்நாட்டின் மிகப் பெரிய புராட்டஸ்டண்ட் அமைப்பு அது. அவர்கள் கிறிஸ்துமஸ் காலத்தில் வெளிநாட்டு ஊழியத்துக்குத் திரட்டும் காணிக்கையின் பெயர் லாட்டி மூன் காணிக்கை. லாட்டி மூன் சீனாவில் நாற்பது ஆண்டுகளுக்கு நெருக்கமாக ஊழியம் செய்து 1912இல் இறந்தவர். பள்ளி நடத்துவதற்காகத்தான் போனார், கிராமங்களில் சொல்லித்தர வேறு ஆளில்லாததால் ஆண்கள் அமர்ந்து கேட்கும் கூட்டங்களிலும் பேசும்படி ஆனது. அவர் பெயரைச் சொல்லிப் பணம் திரட்டும் அதே மாநாடு, 2000ஆம் ஆண்டில் தன் விசுவாச அறிக்கையைத் திருத்தி, போதகர் பதவி ஆண்களுக்கு மட்டும் என்று எழுதிக்கொண்டது. கலிஃபோர்னியாவின் சாடில்பேக் சபை 2021இல் மூன்று பெண்களுக்குப் போதக அபிஷேகம் செய்தது. 2023 பிப்ரவரியில் மாநாட்டிலிருந்து நீக்கப்பட்டது. ஜூன் மாதம் மேல்முறையீடு வாக்கெடுப்புக்கு வந்தபோது 9,437 பேர் நீக்கத்தை ஆதரித்தார்கள், 1,212 பேர் எதிர்த்தார்கள். பெண்கள் எந்த வகைப் போதகராகவும் இருக்கக் கூடாது என்று சட்ட விதியிலேயே சேர்க்கும் முயற்சி மட்டும் 2024இல் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் தோற்றது. மறு ஆண்டும் தோற்றது.

கத்தோலிக்கத் திருச்சபையின் வழி வேறு. அங்கே 1970 செப்டம்பர் 27 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் அவிலாவின் தெரேசாவைத் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவித்தார். உலகத் திருச்சபைக்கே போதகர் என்ற அந்தஸ்து அது, ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கிடைத்தது. அதை அறிவித்த அதே மறையுரையில், சபையில் பெண்கள் பேசாமலிருக்க வேண்டும் என்ற பவுலின் வார்த்தையையும் அவர் நினைவுபடுத்தினார். சியன்னாவின் கத்தரீன், லிசியூவின் தெரேசா, ஹில்டெகார்டு என்று பிறகு பட்டியல் நான்காக வளர்ந்தது. ஹில்டெகார்டு பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே ரைன் நதிக்கரை நகரங்களில் குருக்கள் முன்னிலையில் பிரசங்கித்தவர். இன்று அவர் உயிரோடு திரும்பி வந்தால், ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிக்கலாம், மன்றாட்டுச் சொல்லலாம், மறையுரை ஆற்ற முடியாது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 767ஆம் பிரிவு அதைக் குருவுக்கும் திருத்தொண்டருக்கும் மட்டும் ஒதுக்கியிருக்கிறது. கதவு மெல்லத்தான் திறக்கிறது. 1994இல் சிறுமிகள் பீடப் பணிக்கு வந்தார்கள். 2021இல் வாசகர் பணி பெண்களுக்கும் முறைப்படி உரியதானது. 2023இல் ஆயர் மாமன்றத்தில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள்.

தடையை ஆதரிப்பவர்களை வெறும் ஆணாதிக்கக்காரர்கள் என்று தள்ளிவிடுவது சுலபம், ஆனால் நியாயமாகாது. அவர்களில் பலர் வேதத்துக்குக் கீழ்ப்படிவதாகவே மனப்பூர்வமாக நம்புகிறார்கள். நன்றாகப் படித்த பெண்களும் அவர்களில் உண்டு. அவர்கள் சொல்வது இது. பெண்ணுக்குத் திறமை இல்லை என்பதல்ல பிரச்சினை. தீமோத்தேயு நிருபம் ஆதாம் முதலில் படைக்கப்பட்டதைக் காரணமாகச் சொல்கிறது. ஆகவே அது கொரிந்து, எபேசு என்ற ஊர்களின் வழக்கமல்ல, படைப்பின் ஒழுங்கு. காலம் மாறுகிறது என்பதற்காகச் சபை அதை மாற்ற முடியாது.

வாதம் நேர்த்தியானதுதான். அப்படியானால் அது படைப்பு முழுவதுக்கும் பொருந்த வேண்டும். ஞாயிறு பள்ளியில் பையன்களுக்கு வேதம் கற்றுக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். விடுமுறை வேதாகமப் பள்ளியை நடத்துபவர்களும் அவர்களே. பதினைந்து வயதுப் பையனுக்கு அக்கா பாடம் நடத்தலாம். அவன் திடப்படுத்தல் பெற்றுக்கொண்டு ஆண்கள் பெஞ்சில் போய் உட்கார்ந்த மறு வாரத்திலிருந்து அதே அக்கா அவனுக்குச் சொல்லித்தரக் கூடாது என்றால், படைப்பின் ஒழுங்கு எந்த வயதில் தொடங்குகிறது? ஆயிரக்கணக்கான பாடல்களை எழுதிய, பார்வையற்ற ஃபேனி கிராஸ்பியின் உபதேசத்தை ராகத்தோடு பாடலாம். அதையே ஒரு பெண் ராகம் இல்லாமல் சொன்னால் தப்பா? மராத்தி மொழியில் முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்தவர் பண்டித ரமாபாய். பெண்கள் பேசக் கூடாது என்ற வசனத்தையும் அவர் கைதான் மராத்தியில் எழுதியது. ஓர் ஆண் போதகர் அதை எடுத்து வாசித்துப் பெண்களை அடக்கினால், அதிகாரம் யாருடையது?

கோடு எங்கே விழுகிறது என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். சமைப்பது, கூட்டுவது, பூ அடுக்குவது, காணிக்கை சேர்ப்பது, பாடுவது, அழுது ஜெபிப்பது, நோயாளி வீட்டுக்குப் போவது, பிள்ளைகளுக்குக் கற்பிப்பது எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம். பிரசங்க பீடம், திருவிருந்து மேசை, கமிட்டித் தலைமை, கையெழுத்துப் போடும் அதிகாரம் எல்லாம் அந்தப் பக்கம். பேச்சு தடுக்கப்படவே இல்லை, அதிகாரம்தான் தடுக்கப்படுகிறது. தேவாலயச் சொத்துகளும் பள்ளிகளும் கல்லூரிகளும் கைக்கு வரும் திருமண்டலத் தேர்தல்கள் நீதிமன்றப் படி ஏறும் ஊரில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

வேறு வழியில் போன சபைகளும் இருக்கின்றன. குவேக்கர் இயக்கத்தைச் சேர்ந்த மார்கரெட் ஃபெல் 1666இலேயே, சிறையில் இருந்தபடி, பெண்கள் பேசுவது நியாயமே என்று நூல் எழுதினார். 1859இல் கேத்தரின் பூத் இதே வாதத்தைச் சிறுநூலாக எழுதி, மறு ஆண்டு தாமே பிரசங்க மேடை ஏறினார். அவரும் கணவரும் தொடங்கிய இரட்சணிய சேனையில் பெண் அதிகாரிகள் தொடக்கத்திலிருந்தே பிரசங்கிக்கிறார்கள். நாகர்கோவிலில் கேத்தரின் பூத் மருத்துவமனைக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் பின்னால் இப்படி ஒரு சண்டை இருந்தது தெரியும்! இங்கிலாந்துத் திருச்சபை 1992இல் வாக்களித்து, 1994இல் பெண்களைக் குருக்களாக்கியது. 2025 அக்டோபரில் சாரா முல்லலி கேன்டர்பரி பேராயராக அறிவிக்கப்பட்டார்.

போன பாதை திரும்பியும் வரும் என்பதற்கு லாத்வியா சாட்சி. அங்கே லுத்தரன் சபை 1975இல் பெண்களுக்குக் குருத்துவம் கொடுத்தது. 2016இல் சட்டப்படி அதை நிறுத்திவிட்டது.

தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உருவானது. 1976இல் எலிசபெத் பால் அதன் முதல் பெண் குருவானவரானார். ஆந்திராவின் நந்தியால் திருமண்டலத்துக்கு 2013இல் புஷ்ப லலிதா பேராயரானார். சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பேராயர் அவர். இங்கிலாந்துத் திருச்சபையில் பெண் பேராயர் வருவதற்கு முன்பே தெலுங்கு நாட்டில் வந்துவிட்டார் என்பதில் பெருமைப்படலாம். ஆனால் அந்தப் பெருமையை நினைவு மண்டபம் போல வைத்துக்கொண்டு நிறுத்திவிட்டார்களோ என்றுதான் தோன்றுகிறது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரி போன்ற இடங்களில் பெண்கள் ஆண்களோடு உட்கார்ந்து, அதே கிரேக்கமும் எபிரெயமும் படித்து, அதே பி.டி. பட்டம் வாங்குகிறார்கள். பட்டம் வாங்கிய பிறகு பையன்களுக்குச் சேகரம் கிடைக்கிறது. பெண்களில் பலருக்குப் பள்ளியில் வேதபாட வகுப்பு, விடுதிப் பொறுப்பு, பெண்கள் ஐக்கிய சங்க வேலை. குருத்துவம் பெற்றவர்களிலும் பெரிய நகரத்துச் சபை கிடைப்பவர்கள் குறைவு.

கேட்பவர்களுக்கு இதில் என்ன நஷ்டம்? கொஞ்சமல்ல. ஆகார் வனாந்தரத்தில் பிள்ளையோடு துரத்தப்பட்ட கதையை ஆபிரகாமின் விசுவாசத்துக்கு அடிக்குறிப்பாகவே பெரும்பாலான பிரசங்கங்கள் சொல்கின்றன. தாவீதின் மகள் தாமார் சொந்த வீட்டிலேயே சீரழிக்கப்பட்டதையும், நியாயாதிபதிகள் புத்தகத்தின் 19ஆம் அதிகாரத்தில் ஒரு பெண் சிதைக்கப்பட்டுத் துண்டாக்கப்பட்டதையும் ஞாயிறு பிரசங்கத்தில் கேட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? வேதத்தில் இருப்பவைதான் அவையும். பெண் பிரசங்கியார் என்றால் பெண்களைப் பற்றித்தான் பேசுவார் என்றில்லை. ரோமர் நிருபத்தையும் எசேக்கியேலையும் அவர் ஆண்களைப் போலவே நன்றாகவும் பேசுவார், மோசமாகவும் பேசுவார். தூங்கவைக்கும் உரிமை ஆண்களுக்கு மட்டும் ஏன்? ஆனால் குடிகாரக் கணவனிடம் அடி வாங்கிவிட்டு வந்து மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு, பொறுத்துக்கொள் மகளே என்பதைத் தவிர வேறு வார்த்தையும் வேதத்தில் இருக்கிறது என்று அந்த மேடையிலிருந்து ஒரு பெண் சொல்லும்போது அது வேறு விதமாகக் கேட்கும்.

பெண்கள் ஞாயிறு என்று ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. அன்றைக்கு ஆராதனை முழுவதும் பெண்கள் கையில். ஐயரம்மாவோ, கல்லூரிப் பேராசிரியையோ பிரசங்கம் செய்வார். அடுத்த வாரம் பழைய நிலை. பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில் சிலுவையின் ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் பேசும் இடங்களில், பெண்ணுக்கு ஒன்று கொடுத்தால், இயேசு தாயைப் பார்த்துச் சொன்ன மூன்றாம் வார்த்தையாகத்தான் இருக்கும். பெண்ணென்றால் தாய்ப்பாசம், அவ்வளவுதான் கணக்கு. கைவிடப்பட்டவரின் கதறலான நான்காம் வார்த்தையைக் கொடுத்துப் பார்க்கலாமே! குருத்துவத்தைப் பற்றிச் சபைக்குச் சபை கொள்கை வேறுபடும். அதைத் தீர்க்கச் சினட் வேண்டும், மாமன்றம் வேண்டும். ஆனால் சி.எஸ்.ஐ. போல எப்போதோ பெண்களுக்குக் குருத்துவம் கொடுத்துவிட்ட சபைகளுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. அங்கே வேண்டியது, சேகரக் கமிட்டி அடுத்த ஆண்டுக்கான பிரசங்க அட்டவணையைப் போடும்போது, பெண்கள் ஞாயிறு அல்லாத சாதாரண ஞாயிறுகளுக்கு நேரே சில பெண்களின் பெயரை எழுதுவது. ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்கும் ஒரு பெயரை எழுதலாம்.